மஞ்சள் எலிகளுக்கு முறை பார்த்தவன்

ஆரஞ்சு லாரி கவிழ்ந்த வருஷம் என்றால் எங்கள் பக்கத்து வயசாளிகளுக்கு உடனே பிடிபட்டுவிடும். ஏற்காட்டு மலையில் இருந்து சேலம் இறங்குகிற பாதையில், பாதி வளைவு தாண்டியதும் லாரி சாய்ந்துகொண்டது. டிரைவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பழம் முழுக்க உருண்டு பள்ளத்துக்குள் போய்விட்டது. எங்கள் நாகலூரில் இருந்துகூட ஜனங்கள் சாக்கும் கூடையுமாகப் போனார்கள். ஒரு வாரம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தோல் வாசனை. மாடுகள்கூட ஆரஞ்சுத் தோல் தின்றன.

அந்த வாரத்தில்தான் மாரமங்கலத்தில் இருந்து என் அக்கா பெண் கேட்டு வந்தாள். அவளுடைய மகனுக்கு என் மகள். தட்டில் வெற்றிலை, தேங்காய், பூ எல்லாம் இருந்தது. பழத்துக்கு ஆரஞ்சு வைத்திருந்தாள்.

"ஏனக்கா, வாங்குனதா, பொறுக்குனதா?" என்று கேட்டேன்.

"பொண்ணு குடுக்கறவன் பேசற பேச்சாடா இது?" என்றாள். சாகிற வரைக்கும் அவள் அதைச் சொல்லவே இல்லை.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அன்றைக்கு அக்கா கேட்டு வந்த அதே மகள்தான். சுற்றி வளைக்காமல் சொல்லு என்று அடிக்கடி பேனாவை மூடி வைக்கிறாள். ஏற்காட்டுக்கு வருகிற பஸ்ஸிடம் போய் அப்படிச் சொல்வாயா என்று கேட்டேன். அதையும் எழுதிவிட்டாள்.

அக்கா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அத்தை மகனுக்கு மாமன் மகள், எங்களில் அதுதான் முறை. அக்காவையே எங்கள் அப்பா தன் அக்காள் மகனுக்குத்தான் கொடுத்தார். அவளுடைய மாமியார் எங்களுக்குச் சொந்த அத்தை. அதனால் நான் வெற்றிலையைக் கையில் வாங்கிக்கொண்டேன். தை மாசக் கடைசியில், காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சானது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. நடுவில் பிறந்த பையன் மட்டும்தான் தங்கினான். முதல் பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் பிறந்த இரண்டாம் நாளே மஞ்சளாகிவிட்டன. மஞ்சள் என்றால் கண்ணின் வெள்ளை, காது மடல், உள்ளங்கால் எல்லாம். கீழாநெல்லி அரைத்துத் தாய்க்குக் கொடுத்தார்கள், பிள்ளைக்கும் நாக்கில் தடவினார்கள். கேட்கவில்லை. இரண்டுமே மூன்று மாசம் தாண்டவில்லை. பால் குடிக்காமல் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு போயின. அக்கா கிரகணத்தன்றைக்குக் காட்டுக்குள் போய் விறகு பொறுக்கினாள், அதனால்தான் என்று அத்தை சொன்னாள். ஊரும் அதையே சொன்னது. அக்காவும் அப்படித்தான் நம்பினாள்.

அது இருக்கட்டும். எலிக்கு வருகிறேன்.

நான் அப்போது காப்பி எஸ்டேட் வேலையில் இல்லை. நிழல் மரம் கழிக்க ஏறி, சில்வர் ஓக்கில் இருந்து விழுந்து முழங்கால் போய்விட்டது. மேட்டில் கூடை சுமக்க முடியாது. ஏற்காடு போகிற வழியில் ஒரு பழைய பங்களா காலியாகக் கிடந்தது. கீழ்நாட்டில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி அதை எடுத்து எலி வளர்க்கிறது, ஆள் வேண்டுமாம் என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் சொன்னார்.

"எலி வளக்கறாங்களா? எங்க ஊட்டுல வளக்காமயே வளருதுங்களே" என்றேன்.

"அதெல்லாம் கருப்பு. இது வெள்ளை. மருவாதையாப் பேசிப் பழகு" என்றார் ரைட்டர்.

கீழே வெயிலில் எலி செத்துப் போகுமாம், மலைக் குளிருக்குத்தான் நன்றாக ஈனுமாம். அதனால் ஏற்காட்டுக்குக் கோடை வாசத்துக்கு வந்த எலிகள். மனிதர்கள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவார்கள், இவர்கள் வருஷம் முழுக்க இருந்தார்கள். வேளைக்கு ஊற வைத்த கொண்டைக்கடலை, கோதுமை, கேரட். படுக்க மரத்தூள். என் பெண்டாட்டி வந்து பார்த்துவிட்டு, "அடுத்த சென்மத்துல நானும் இங்கயே பொறக்கறேன்" என்றாள்.

இரண்டு அறை. ஒரு அறையில் சும்மா வெள்ளை எலிகள், நோய் நொடி இல்லாதவை. அடுத்த அறையில்தான் விசேஷம். அங்கே ஒரு மஞ்சள் ஆண் எலியும் அதன் கூடப்பிறந்த வெள்ளைத் தங்கைகள் நாலும். மஞ்சள் என்றால் முடி வெள்ளைதான், காதும் மூக்கும் வாலும் பாதமும் மஞ்சள். பிறவிக் காமாலை. ஈரலில் ஒரு வேலை நடக்க வேண்டும், அது இதற்கு நடக்காது, பரம்பரையாக வருகிறது என்று டாக்டரம்மா சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயசு இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கீழே இருந்து பஸ்ஸில் வருவார். வளைவில் எல்லாம் வாந்தி எடுத்துவிட்டு வந்து, வெறும் வயிற்றோடு எலி பார்ப்பார். மனிதக் குழந்தைகளுக்கும் இப்படி ஒரு காமாலை உண்டு, எதனால், எப்படிக் குறைப்பது என்று இந்த எலிகளை வைத்துப் பார்க்கிறார்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். அப்போது அது என் காதுக்குள் போகவில்லை. மனிதக் குழந்தை என்று சொன்னதும் எனக்கு அக்கா ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேரட் நறுக்குகிற கவனம்.

நான் கீழாநெல்லி கொடுத்தது வேறு கதை. காமாலை என்று தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியுமா? கீழே போனவரிடம் சொல்லி வரவழைத்து, மோரில் அரைத்து, ஒரு வாரம் வைத்தேன். மஞ்சள் ஆண் ருசித்துச் சாப்பிட்டது. இன்னும் கொஞ்சம் மஞ்சளானது போலத்தான் எனக்குப் பட்டது. டாக்டரம்மா கண்டுபிடித்துத் திட்டினார்.

நீல விளக்கும் இருந்தது. சில கூண்டுகளுக்கு மேல் நீல டியூப் லைட் மாட்டியிருந்தார். கல்யாண வீட்டு அலங்காரம் என்று நினைத்தேன். அந்த வெளிச்சம் பட்டால் மஞ்சள் இறங்குமாம். முடி மறைக்கிறது, முதுகைச் சிரைத்துவிடுங்கள் என்றார். எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத தொழிலை எலிக்காகச் செய்தேன். சிரைத்த எலிகள் வெளிச்சத்தில் கிடந்து, நிஜமாகவே வால் வெளுத்தன. கரண்ட் போனால் திரும்ப மஞ்சள். மலையில் கரண்ட் போகிற லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

இனிமேல்தான் நான் செய்த காரியம்.

டாக்டரம்மா சொன்ன ஜோடி இதுதான்: மஞ்சள் அண்ணனோடு வெள்ளைத் தங்கை. அதன் குட்டிகளிலும் அதே மாதிரி, ஒரே ஈற்றில் பிறந்த ஆணும் பெண்ணும். அப்படிச் செய்தால்தான் மஞ்சள் வம்சம் அறுபடாமல் வருமாம்.

"அம்மா, அது கூடப்பொறந்தவங்களாச்சுங்களே" என்றேன்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

முதல் ஜோடியை அவரே கூண்டில் விட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குட்டிகள் பிறந்தன, பாதி மஞ்சள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முறை தப்பிச் சேர்த்தால் மஞ்சளாகாமல் வேறென்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். படித்த அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பாவமாக இருந்தது.

அடுத்த தலைமுறைக்கு ஜோடி சேர்க்கிற வேலை என்னிடம் வந்தது. குட்டி பால் மறந்ததும் காதில் சின்ன ஓட்டை போட்டு அடையாளம் வைக்க வேண்டும். ஒரே ஈற்றுக்கு ஒரே அடையாளம். வயசுக்கு வந்ததும் ஒரே அடையாளம் உள்ள ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட வேண்டும். அடையாளம் போடுகிறதும் நான்தான், கூண்டில் விடுகிறதும் நான்தான். செவ்வாயும் வெள்ளியும் தவிர மற்ற நாளில் கேட்க ஆள் இல்லை.

எனக்கு மனசு வரவில்லை. நாலு பேருக்கு அண்ணனாகவும் தம்பியாகவும் பிறந்தவன் நான். இந்தக் கையால் எப்படிச் செய்வேன்? பக்கத்து அறையில் நல்ல குடும்பத்து வெள்ளை எலிகள் இருந்தன. மஞ்சள் வீட்டுப் பெண்ணை அங்கே உள்ள ஆணுக்குக் கொடுத்தேன். அங்கே உள்ள பெண்ணை மஞ்சள் வீட்டுப் பையனுக்கு எடுத்தேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சம்பந்தம். எடுத்து வந்த எலிக்கும் இங்கே உள்ள அடையாளத்தையே காதில் போட்டுவிட்டேன். டாக்டரம்மாவின் நோட்டில் எல்லாரும் அண்ணன் தங்கை. கூண்டுக்குள் எல்லாரும் கௌரவமான தம்பதி.

என்ன நடந்தது தெரியுமா? மஞ்சள் நின்றுவிட்டது. ஈற்றுக்கு எட்டும் பத்துமாகக் குட்டிகள், ஒன்றுகூட மஞ்சள் இல்லை. எல்லாம் பூப்போலச் சிவப்பு. நான் உள்ளுக்குள் துள்ளினேன். காலேஜ் படிப்பெல்லாம் படித்தவர்களால் முடியாத காமாலையை முறை பார்த்தே குணப்படுத்திவிட்டேன் என்று வீட்டில் பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டேன்.

"அப்ப அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சமயம் பாத்துச் சொல்லோணும்."

"ஒளிச்சு வெச்சிருக்கறீங்கன்னு சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்கோ நாளுக்கு நாள் முகம் வாடியது. செவ்வாய்க்கிழமை வந்ததும் முதலில் குட்டிக் கூண்டைத்தான் எட்டிப் பார்ப்பார். "இன்னிக்கும் இல்லையா?" என்பார். பழைய மஞ்சள் ஆண் செத்துப்போனது. மற்ற மஞ்சள்களுக்கும் வயசாகிக்கொண்டு வந்தது. நோட்டைப் புரட்டுவார், எதையோ கூட்டுவார், அடிப்பார். பொங்கலுக்குள் மஞ்சள் குட்டி வராவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கீழே போக வேண்டியதுதான் என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் நோயில்லாத குட்டியைப் பார்த்து ஒரு மனுஷி அழுவாளா என்றும் கோபம் வந்தது.

இதற்குள் என் குட்டிகளின் குட்டிகள் வயசுக்கு வந்துவிட்டன. எலிக்கு மூன்று மாசத்தில் கல்யாண வயசு. என் மகளுக்கு வரன் பார்த்த நேரத்தில் நான் எலி வீட்டில் எத்தனையோ கல்யாணம் முடித்திருந்தேன். இந்தத் தடவை எனக்கு வேலை சுலபம். அண்ணன் பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் இருக்கிறார்கள். பையனுக்கு மாமன் மகள், அது இல்லையென்றால் அத்தை மகள். சித்தப்பன் மகள், பெரியம்மா மகள் பக்கம் மறந்தும் போகவில்லை, அவர்கள் தங்கை முறை. அப்படித்தான் கிழிந்த காதனுக்கு அவன் மாமன் மகளான மூக்குப்பொட்டுக்காரியைச் சேர்த்து வைத்தேன். அவளுக்கு மூக்கு நுனியில் மச்சம் போல ஒரு புள்ளி இருக்கும். ஜோடிப் பொருத்தம் பிரமாதம்.

அந்த வாரத்தில்தான் ஆரஞ்சு லாரி கவிழ்ந்தது. அக்கா தட்டோடு வந்தாள். நான் வெற்றிலை வாங்கினேன்.

அக்கா வந்துபோன பிறகு, பனி மூடிய ஒரு காலையில் பங்களாவைத் திறந்தேன். மூக்குப்பொட்டுக்காரி முதல் நாள்தான் ஈன்றிருந்தாள். தூளை விலக்கிப் பார்த்தேன். ஒன்பது குட்டி. அதில் இரண்டு மஞ்சள்.

பனி வெளிச்சம் ஏமாற்றுகிறது என்று ஜன்னலுக்குக் கொண்டு போனேன். மஞ்சள்தான். நீல விளக்கடியில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. திரும்ப ஜன்னல். முறைப்பெண்ணுக்கும் முறைப்பையனுக்கும் பிறந்த குட்டி, தோல் முழுக்க மஞ்சள். அப்போதுதான் அக்காவின் தலைப்பிள்ளையின் உள்ளங்கால் என் கண்ணுக்குள் வந்தது. அந்தப் பிள்ளையை என் மடியில் வைத்து நான் ஆட்டியிருக்கிறேன்.

மரத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு மாசம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மஞ்சள் குட்டியைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். "வந்துடுச்சு! வம்சம் போகலை!" நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லோணுங்க. நீங்க உக்காந்துக்கோங்க."

சொன்னேன். கூடப்பிறந்தவர்களைச் சேர்க்க மனசு வரவில்லை என்று தொடங்கி, பெண் கொடுத்தது, பெண் எடுத்தது, மாமன் மகள் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் முதலில் சிவந்தது. நோட்டை மேஜை மேல் ஓங்கிப் போட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து போனேன். பார்த்தால் சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"எலிக்கு முறை பாத்தீங்களா? தட்டு மாத்தினீங்களா? தாலி?"

"தாலி மட்டுந்தானுங்க கட்டுல."

"என் எட்டு மாச வேலையைக் குட்டிச்சுவராக்கிட்டீங்களே, தரகரே!" என்றார். அன்றிலிருந்து கடைசி வரை எனக்கு அந்தப் பேர்தான். பிறகு சிரிப்பு அடங்கி, "யாருக்கு யாரைக் கொடுத்தீங்கன்னு இப்ப எப்படித் தெரியும்? எல்லாம் போச்சு" என்றார்.

"ஏனுங்க தெரியாது? கேளுங்க, சொல்றேன்."

கூண்டு கூண்டாக நடந்தோம். இது முதலில் வந்த நாலு தங்கைகளில் ஒருத்தியான நொண்டிக்காரியின் மூத்த மகன். இவனுக்கு எடுத்தது வெள்ளை அறையில் மேல் வரிசைப் பெண். அவர்களுக்கு மூன்று ஈற்று. இரண்டாம் ஈற்றில் பிறந்தவன்தான் கிழிந்த காதன். அவனுடைய அத்தை அந்த மூலைக் கூண்டு, அவள் மஞ்சள், அவளைக் கொடுத்தது இவன் தாயின் அண்ணனுக்கு, அங்கே ஏழு பிள்ளைகள், அதில் ஒருத்திதான் மூக்குப்பொட்டுக்காரி. ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால் யாருக்கு யார் என்ன உறவு என்று சொல்லி அழ வேண்டும். அதைச் செய்து பழகியவனுக்கு இது என்ன பெரிய வித்தை? எழுதத் தெரியாதவன் எதையும் மறக்க முடியாது. டாக்டரம்மா ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, மஞ்சள் என்றால் உள்ளே கருப்பாகத் தீட்டிக்கொண்டே வந்தார். காகிதம் தீர்ந்து, காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் போட்டார். மத்தியானச் சாப்பாடு அப்படியே இருந்தது.

கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தார். "எல்லாம் சரியா வருது. ஒண்ணுகூடத் தப்பலை. நான் பண்ணச் சொன்னதைவிட நீங்க பண்ணினது தெளிவா இருக்கு. இதை உங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாது."

பிறகு விளக்கினார். அப்பனிடம் இருந்து ஒன்று, தாயிடம் இருந்து ஒன்று, இரண்டு சேர்ந்துதான் பிள்ளை. ஒன்று கெட்டு ஒன்று நன்றாக இருந்தால் வெளியே தெரியாது. இரண்டும் கெட்டிருந்தால்தான் மஞ்சள். நான் காப்பிக்காரன், எனக்குப் பழத்தில்தான் விளங்கியது. ஒரு காப்பிப் பழத்துக்குள் இரண்டு கொட்டை. ஒன்று மட்டும் உள்ளே சத்தில்லாத பொக்கை என்றால், பழம் அலசுகிற தொட்டித் தண்ணீரில் மற்றதோடு மற்றதாக அடியிலே கிடக்கும். இரண்டும் பொக்கை என்றால் மேலே மிதந்துவிடும். வெளியில் இருந்து எலி எடுத்தபோது மஞ்சள் போகவில்லை, முங்கிக் கிடந்தது. ஒரே வீட்டுப் பொக்கைகள் இரண்டு மாமன் மகள் வழியில் திரும்பச் சேர்ந்ததும் மிதந்தது.

"அண்ணன் தங்கச்சின்னா சீக்கிரம் வரும். மாமன் மகள்னா கொஞ்சம் தள்ளி வரும். முறைங்கறது நாம வெச்சது தரகரே, ஈரலுக்கு அது தெரியாது" என்றார்.

கூண்டுக் கதவுகளைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு கேட்டேன். "ஏனுங்கம்மா, மனுசனுக்கும் இப்படித்தானுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. அக்கா கதையைச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள், வில்லாக வளைந்தது, இப்போது என் மகள். அவர் ஒரு புதுக் காகிதம் எடுத்து, எலிக்குப் போட்ட மாதிரியே எங்களுக்கும் கட்டமும் வட்டமும் போட்டார். அப்பாவுக்கு ஒரு கட்டம், அத்தைக்கு ஒரு வட்டம். அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்குப் போட்டதில் உள்ளே கருப்புத் தீட்டவில்லை, பென்சிலால் வெறுமனே தொட்டுவிட்டு எடுத்தார்.

"நான் அந்தப் பிள்ளைங்களைப் பாக்கலை. அது வேற காமாலையாவும் இருந்திருக்கலாம். இதுதான்னு வெச்சுக்கிட்டாலும், உங்க பேரப்பிள்ளைக்குக் கட்டாயம் வரும்னு சொல்ல மாட்டேன். வராமப் போகத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

"நீங்களா இருந்தா?"

"நானா இருந்தா வெளியில கொடுப்பேன்."

வெற்றிலை வாங்கிய கை. எப்படித் திருப்பிக் கொடுப்பது? உன் மகன் ரத்தத்தில் குறை என்று அக்காவிடம் சொன்னால், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வாரிக்கொடுத்தவள் தாங்குவாளா? அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்ட என் பெண்டாட்டி ஒன்றுதான் சொன்னாள்: "நீங்க வாயால சொன்னா உங்கக்கா நம்ப மாட்டாங்க. நீங்க பொறந்ததுல இருந்து புளுகறவரு. கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா நாள் குறிக்க வந்தாள். துணிக்கடைப் பேச்சு, பந்திப் பேச்சு. இடையில் நுழைந்து, "அக்கா, நான் வேலை செய்யற எடத்தைப் பாத்ததில்லையே நீ. வா, போயிட்டு வரலாம்" என்றேன்.

"எலி பாக்கறதுக்காடா பஸ்ஸு ஏறி வந்தேன்? எங்க ஊட்டுப் பரண்ல கெடக்குது நூறு."

"இது வேற எலி. வாக்கா."

புலம்பிக்கொண்டே வந்தாள். பங்களா வாசலில் செருப்பைக் கழற்றினாள், கோயில் மாதிரி. டாக்டரம்மா அவளை உட்கார வைத்து, மூக்குப்பொட்டுக்காரியின் ஒரு மஞ்சள் குட்டியைப் பஞ்சில் வைத்துக் கையில் கொடுத்தார். இன்னும் முடி சரியாக முளைக்காத குட்டி.

அக்கா அதைக் கண்ணருகே கொண்டுபோனாள். குட்டியின் காலை விரலால் தொட்டாள். காதைத் தொட்டாள். வெளியே பனி விலகி வெயில் ஜன்னலில் விழுந்தது. அவள் கையை வெயிலுக்கு நகர்த்திப் பார்த்தாள்.

"இந்த நெறந்தான்டா சாமி" என்றாள். "ரெண்டுக்கும் இந்த நெறந்தான்."

பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"இதோட ஆத்தா என்னங்கம்மா பண்ணுச்சு? கெரகணத்துல வெளிய போச்சா?"

"ஒண்ணும் பண்ணலைங்க. கூண்டுக்குள்ளதான் இருந்துச்சு. அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு, ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணு சேந்தாத்தான் இப்படி வரும்."

"அப்பன்கிட்ட இருந்துமா?"

"ரெண்டு பேர்கிட்ட இருந்தும்தாங்க. ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும்னா வராது."

அக்கா குட்டியைப் பஞ்சோடு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையால் முகம் துடைத்தாள். இருபது வருஷம் அவள் தலையில் கிடந்த விறகுக் கட்டு அது. "எங்கத்தை போயிச் சேந்துட்டாளே" என்றாள். "இதக் கேக்காமப் போயிட்டா பாரு. இன்னும் ஒரு வருசம் இருந்திருந்தா, இந்த எலியக் கொண்டுபோயி அவ மடியில போட்டிருப்பேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். பஸ் நிற்கிற இடத்தில் அவளே நின்றாள்.

"எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு தெரியாதவளாடா நானு? பொண்ணு வேண்டாம். அவளும் ஒருநாளு மடியில அந்த நெறத்துல ஒண்ண வெச்சுக்கிட்டு உக்கார வேண்டாம். நீ வேற ஊட்டுல பாரு. எம்பட பையனுக்கு நானும் வேற ஊட்டுல பாக்கறேன்."

"கோவமாக்கா?"

"நொம்பக் கோவம். ஆரஞ்சப் பூராத் தின்னு தீத்துட்டீங்க. அதத் திருப்பிக் குடு."

மாரமங்கலத்தில் என்ன சொன்னாள் தெரியுமா? கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எம்பட மருமவள எலி தூக்கிட்டுப் போயிருச்சு" என்றாள். நான் பெரிய இடத்துக்கு ஆசைப்பட்டு வாக்கு மாறிவிட்டேன் என்று ஊரில் சிலர் பேசினார்கள். அக்கா அவர்களை வீடு தேடிப்போய்த் திட்டினாள். எலியைப் பற்றி அவள் விளக்கியதைக் கேட்டு அவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

என் மகளைக் கரடியூரில் கொடுத்தோம். முறைப் பையன் போனதில் வருத்தமா என்று அப்போது கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்டேன். அவன் குறட்டை விடுகிறவன், எலிக்கு ஒரு கும்பிடு போட்டேன் என்கிறாள். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா மேலும் மூன்று வருஷம் மலையில் இருந்தார். ஜோடி சேர்க்கும்போதெல்லாம், "தரகரே, இது முறைதானா?" என்று கேட்பார். அண்ணன் தங்கையைத்தான் சேர்த்தோம். நான் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொள்வேன். பிறகு கீழேயே நல்ல கட்டடம் வந்துவிட்டது என்று கூண்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வளைவுகளில் எலி வாந்தி எடுக்குமா என்று கேட்டேன். எலிக்கு வாந்தியே வராதாம். கொடுத்து வைத்த பிறவி.

அக்கா மகனுக்குச் சேலத்தில் பெண் எடுத்தார்கள். முதல் பேரன் பிறந்த மூன்றாம் நாள் லேசாக மஞ்சள் கண்டது. அக்கா யாரையும் கேட்கவில்லை. கீழாநெல்லி என்று யாரோ சொன்ன வாயை மூடச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே அதே நீல விளக்கு. இரண்டு நாளில் இறங்கிவிட்டது. இது நிறையப் பிள்ளைகளுக்கு வருகிற சாதாரண மஞ்சள்தான், இதற்கா இப்படி ஓடி வந்தீர்கள் என்று நர்ஸ் சிரித்தாளாம். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள் அக்கா. "முதுகைச் சிரைக்கச் சொல்லுவாங்களோன்னுதான்டா பயந்துட்டிருந்தேன்" என்றாள் என்னிடம்.

இப்போது அக்காவும் இல்லை. இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பெண் கேட்டு வருகிறபோது, பூவும் பொட்டும் பேசுகிற நேரத்தில், எந்த வீட்டிலாவது பிள்ளைகள் மஞ்சளாகிப் போனதுண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறந்த பிள்ளை மஞ்சளாக இருந்தால் அரைத்துக்கொண்டு உட்காராமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தாயை மட்டும் குற்றம் சொல்கிற கிழவி யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவள் சாவதற்கு முன்னால் இதைப் போய்ச் சொல்லிவிடுங்கள். எங்கள் அத்தைக்குச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.